பெட்டி கட்ட முன்: இந்த மாதம் பிரேசில்

போன மாதம் தாய்லாந்து பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 2018ல் நானும் தங்கச்சியும் பிரேசில் போய் வந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் தாய்லாந்துக்கு வந்தவற்றை விட அதிகம். சரி, இந்த மாதம் முழுக்கப் பிரேசில்தான்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு: நான் கொழும்பில், கோட்டையிலும் பிறகு வெள்ளவத்தையிலுமாக, 28 வருடம் விமான டிக்கெட் எழுதிய ஆள். விசா கொடுக்கும் அதிகாரம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் விசா கையில் இருந்தும் விமானம் ஏற முடியாமல் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிய சனத்தைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் பதில்களில் விசாவை விட மற்ற விஷயங்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். எனக்கு 64, அவருக்கு 67. பிரேசில் பார்க்க ஆசை. "கணக்கில் 30 லட்சம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கிழமைக்கு நாங்களே போட்டுத் தருகிறோம், வட்டி மட்டும் தாருங்கள்" என்கிறார் ஒரு ஏஜென்ட். செய்யலாமா அக்கா?
— வாசகி, வெள்ளவத்தை

ரீச்சர், அந்த ஏஜென்டின் படியை இனி மிதிக்காதீர்கள்.

விசா அதிகாரி வங்கிக் கூற்றின் கடைசி வரியை மட்டும் பார்ப்பதில்லை, மேலிருந்து கீழே வாசிப்பார். மாதம் மாதம் பென்சன் வருகிறது, கரண்ட் பில் போகிறது, மருந்துக்கடைக்குப் போகிறது, மிச்சம் கொஞ்சம் நிற்கிறது. அதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை 30 லட்சம் வந்து குந்திக்கொண்டால், பொய் சொல்லத் தெரியாதவர் சொன்ன பொய் மாதிரி அது தனியாகத் தெரியும். இல்லாத பணம் இருப்பதாகக் காட்டுவதை விட, இருக்கிற பணத்தை ஒழுங்காகக் காட்டுவது எவ்வளவோ மேல்.

உங்கள் பென்சன் கடிதம், நிலையான வைப்பு இருந்தால் வங்கி தரும் உறுதிக் கடிதம், வீட்டு உறுதியின் பிரதி, கடந்த சில மாதங்களின் வங்கிக் கூற்று. இவை போதும் உங்கள் கதையைச் சொல்ல. பிள்ளைகள் செலவு செய்கிறார்கள் என்றால் அதை மறைக்காதீர்கள். "அம்மா அப்பாவின் பயணச் செலவை நான் ஏற்கிறேன்" என்று பிள்ளையின் கடிதம், கூடவே பிள்ளையின் சம்பளப் பத்திரம், உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ். பிள்ளை காசு கொடுத்து அம்மா ஊர் பார்க்கப் போவதில் சந்தேகப்பட எதுவும் இல்லை.

எத்தனை நாள், எந்த ஊர், எங்கே தங்குவது என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பக்கமும் டிக்கெட் முற்பதிவும் ஹோட்டல் முற்பதிவும் ஒரே தேதிகளைச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள், என்னிடம் வந்த கோப்புகளில் பாதியில் இதுதான் பிழை. டிக்கெட்டில் 14 நாள், ஹோட்டலில் 10 நாள், விண்ணப்பத்தில் 30 நாள். மிச்ச நாளில் எங்கே படுப்பீர்கள் என்று கேட்டால் ஆளையாள் பார்ப்பார்கள்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது: பிரேசிலுக்குக் கொழும்பிலேயே தூதரகம் உண்டு. தென் அமெரிக்காவின் மற்றப் பல நாடுகளுக்குப் புதுடில்லியில் இருக்கிற தூதரகத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். விண்ணப்பத்தை முதலில் ஒன்லைனில், பிரேசில் வெளியுறவு அமைச்சின் படிவத்தில் நிரப்புவீர்கள். போட்டோவையும் கையெழுத்தையும் அதிலேயே ஏற்ற வேண்டும். முடிவில் ஒரு ரசீது வரும். அதை அச்செடுத்து மற்றப் பத்திரங்களோடு தூதரகத்தில் கொடுக்க வேண்டும். கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது செல்லுபடிக் காலமும், இரண்டு வெற்றுப் பக்கமும் இருக்கட்டும். தூதரகம் மேலதிகப் பத்திரம் கேட்கலாம், நேரில் வரச் சொல்லியும் கேட்கலாம். கேட்டால் பயப்பட வேண்டாம், அது நிராகரிப்பின் அடையாளம் இல்லை.

இன்னொன்று, உங்கள் இருவரின் வயதையும் பார்த்ததும் தடுப்பூசி ஞாபகம் வந்தது. கீழே தெஹிவளை வாசகருக்குச் சொல்வதை நீங்களும் வாசியுங்கள்.

2027ல் பிரேசிலில் மகளிர் உலகக் கிண்ணக் கால்பந்து. தங்கச்சி பள்ளிக்கூட டீமில் விளையாடுகிறாள், அவளைக் கூட்டிக்கொண்டு போக ஆசை. இணையத்தில் ஐரோப்பா வழியாகப் போகும் டிக்கெட் டுபாய் வழியை விட மலிவாக இருக்கிறது. இப்போதே வாங்கி வைக்கலாமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

தம்பி, கையை மவுசிலிருந்து எடுங்கள்.

நீங்கள் வெளியே போகாமல் விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்கு மாறினாலும், ஷெங்கன் நாடுகளின் (ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையங்களில் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விமான நிலைய மாற்று விசா தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பட்டியலில் ஒரு டசின் நாடுகளின் பெயர் இருக்கிறது, அதில் நம் பெயரும் ஒன்று. பாரிஸ், மட்ரிட், லிஸ்பன், பிராங்பேர்ட் எல்லாம் அடக்கம். செல்லுபடியான அமெரிக்க, கனேடிய அல்லது ஜப்பான் விசா கையில் இருந்தால் விலக்கு உண்டு. லண்டன் ஷெங்கனில் இல்லை, ஆனால் அங்கேயும் நமக்கு விமான நிலைய மாற்று விசா கேட்பார்கள். அமெரிக்கா இன்னும் மோசம். அங்கே உள்ளுக்குள்ளேயே மாறுவது என்ற ஏற்பாடே கிடையாது. மயாமியில் இரண்டு மணி நேரம் நின்றாலும் குடிவரவு வரிசையில் நின்று உள்ளே போய்த்தான் வெளியே வர வேண்டும், அதற்கு விசா வேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் கையாலேயே பிழை விட்டுத்தான் தெரியும். வேலையில் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரு குடும்பம், ஐந்து பேர், கரிபியன் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போகிறார்கள். போகிற நாட்டின் விசாவைப் பார்த்தேன், கடவுச்சீட்டுக் காலத்தைப் பார்த்தேன், நடுவில் ஐரோப்பாவில் இரண்டரை மணி நேரம் விமானம் மாறுவதை மட்டும் பார்க்கவில்லை. விமான நிலையத்தில் செக்கின் கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள். இரவு 11 மணிக்கு வீட்டுக்கு போன். போனில் அந்த ஐயா ஒரு வார்த்தை ஏசவில்லை. "பிள்ளை, இப்ப நாங்கள் என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

ஆகவே மலிவு என்பது டிக்கெட் விலையில் மட்டும் இல்லை. டோஹா, டுபாய், இஸ்தான்புல் வழியாகப் போனால், ஒரே டிக்கெட்டில், பை நேரே சாவோ பாலோவுக்குப் போகிற மாதிரி, விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறலாம். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக ஒட்டுப் போட்டு வாங்கினால், பையை எடுக்க வெளியே வர வேண்டி வரும். அப்போது அந்த நாட்டின் விசாக் கேள்வி வரும். டுபாயிலிருந்தோ டோஹாவிலிருந்தோ சாவோ பாலோவுக்கு ஏறக்குறைய 15 மணி நேரப் பறப்பு என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். தங்கச்சிக்கு ஜன்னல் சீட்டைக் கொடுங்கள்.

போட்டி 2027 ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை, எட்டு நகரங்களில். ரியோ, சாவோ பாலோவோடு வடகிழக்கில் ரெசிபே, சல்வடோர், போர்தலேசாவும் உண்டு. மைதான டிக்கெட் வைத்திருப்பதால் விசா கிடைத்துவிடாது, அது உங்கள் பயணக் காரணத்துக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். தங்கச்சி 18க்குக் கீழே என்றால் அம்மா அப்பா இருவரின் எழுத்து மூலச் சம்மதமும் வேண்டும். அண்ணன் கூடப் போகிறார் என்பது பிரேசில்காரர்களுக்குப் போதாது. அந்தக் கடிதத்தைக் கடைசி நேரத்துக்கு விடாமல் விசாக் கோப்போடேயே செய்து வையுங்கள்.

பிரேசில் விசாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்பதில்லை என்று மச்சான் சொல்கிறான். அப்படியென்றால் போட வேண்டாம்தானே?
— வாசகர், தெஹிவளை

மச்சான் சொன்னதில் பாதி சரி. இலங்கையிலிருந்து நேரே போகும் நம்மிடம் பிரேசில் அந்த ஊசிக்கான சான்றிதழை, அதாவது மஞ்சள் அட்டையை, கேட்பதில்லை. கேட்கப் போவது நம் சொந்த நாடு.

மஞ்சள் காய்ச்சல் பரவும் ஆபத்துள்ள நாடுகளிலிருந்து இலங்கைக்கு வருகிற, ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட எவரும் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு என்றாலும் அதே விதிதான். பிரேசில் அந்தப் பட்டியலில் இருக்கிறது. "நான் ரியோவில் கோப்பகபானா கடற்கரையில் வெயில் காய்ந்துவிட்டு வந்தேன், காட்டுப் பக்கமே போகவில்லை" என்று சொல்லிப் பயனில்லை. பட்டியல் நாட்டைப் பார்க்கிறது, கடற்கரையைப் பார்ப்பதில்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகிற அதே ஈடிஸ் நுளம்புதான் நமக்கு டெங்கு தருகிறது. அந்த நுளம்புக்குக் கொழும்பில் பஞ்சமா? நுளம்பு இருக்கிறது, நோய் இன்னும் ஆசியாவில் வேரூன்றவில்லை. அந்தக் கதவை மூடி வைத்திருப்பது இந்த மஞ்சள் அட்டையும்தான். எனக்கு இந்த விதியில் ஒரு குறையும் இல்லை.

ஊசி போடுகிற இடம் பொரளையில், மருத்துவ ஆராய்ச்சி நிலையம். எம்.ஆர்.ஐ. என்றால் ஓட்டோக்காரருக்கே தெரியும். போக முன் போன் பண்ணி நாளும் நேரமும் கேளுங்கள், கடவுச்சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். போட்ட நாளிலிருந்து 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். முன்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ஆகவே பழைய அட்டையில் காலாவதித் தேதி எழுதியிருந்தாலும் வீசிவிடாதீர்கள்.

இப்போது வெள்ளவத்தை ரீச்சருக்கு. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. 60 வயதுக்கு மேல் முதல் தடவை போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்க விளைவு வரும் வாய்ப்பு இளையவர்களை விட அதிகம். முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் முதலில் டொக்டரிடம் சொல்ல வேண்டும். இதை ஏஜென்டும் சொல்ல மாட்டார், தூதரகமும் சொல்லாது. டிக்கெட்டுக்குக் காசு கட்டுவதற்கு முன்பே உங்கள் இருவரையும் தெரிந்த டொக்டரைப் பாருங்கள். போடக்கூடாது என்று அவர் முடிவு செய்தால் அதற்கான மருத்துவக் காரணக் கடிதம் வாங்கலாம். ஆனால் அந்தக் கடிதத்தோடு திரும்புகிறவரைச் சுகாதார அதிகாரிகள் சில நாள் கண்காணிப்பில் வைக்க சர்வதேசச் சுகாதார விதிகளில் இடமுண்டு. அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

மஞ்சள் அட்டையை எங்கே வைக்கிறது? கைப்பையில், கடவுச்சீட்டோடு. 2018ல் நான் அதைப் பெரிய பெட்டிக்குள், அதுவும் ஒரு சேலை மடிப்புக்குள் பத்திரமாக வைத்துவிட்டேன். பத்திரம் என்றால் அப்படியொரு பத்திரம். கட்டுநாயக்காவில் சுகாதார மேசையில் கேட்கிறார்கள், பெட்டி இன்னும் பட்டிக்கு வரவில்லை, தங்கச்சி தன் அட்டையை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். 28 வருடம் மற்றவர்களுக்குப் புத்தி சொன்ன எனக்கு அன்றைக்கு வாய் திறக்க முடியவில்லை.

அமேசன் பக்கம், மனாவுஸ் மாதிரி இடங்களுக்குப் போகிறவர்கள் நாரஹேன்பிட்டியில் மலேரியா எதிர்ப்பு இயக்கத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். தடுப்பு மாத்திரை அங்கே இலவசம். 2016ல் இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. திரும்பி வந்த பிறகு காய்ச்சல் அடித்தால், போய் வந்த ஊரை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இகுவாசு நீர்வீழ்ச்சியின் அழகான பக்கம் அர்ஜென்டினாவில்தான் என்கிறார்கள். பிரேசில் விசாவோடு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பலாமா?
— வாசகர், வத்தளை

முடியாது. அர்ஜென்டினாவுக்கு நமக்குத் தனி விசா. அதற்குப் புதுடில்லியைத்தான் நாட வேண்டும்.

நீர்வீழ்ச்சிகளில் பெரும்பங்கு அர்ஜென்டினாப் பக்கத்தில் விழுகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு சின்னக் கணக்கு: அது அங்கே விழுந்தால் முழுவதையும் எதிரில் நின்று பார்ப்பது எந்தப் பக்கத்திலிருந்து? பிரேசிலிலிருந்து. பக்கத்து வீட்டுக் கோலத்தை நம் வாசலில் நின்று பார்ப்பது மாதிரி. போஸ் டூ இகுவாசுவில் அந்த நடைபாதையின் கடைசியில் தண்ணீருக்கு மேல் ஒரு மேடை நீட்டிக்கொண்டிருக்கும். மழைச்சட்டை இருந்தும் உள்பாவாடை வரை நனைந்தேன். அர்ஜென்டினாவுக்குப் போகவில்லையே என்ற நினைப்பே வரவில்லை.

அங்கே இன்னொரு ஆசை காட்டுவார்கள்: நட்புப் பாலத்தைத் தாண்டினால் பராகுவே, சாமான் மலிவு, எல்லோரும் போகிறார்கள், யாரும் கேட்பதில்லை. அந்த எல்லோரும் பக்கத்து நாட்டுக்காரர்கள், அடையாள அட்டையோடு போய் வருகிறவர்கள். நாம் முத்திரை இல்லாமல் ஒரு நாட்டை விட்டு வெளியேறி, விசா இல்லாமல் இன்னொன்றுக்குள் நுழைந்தவர்கள் ஆவோம். ஒரு போனுக்காக அது தேவையா? நேரம் இருந்தால் இட்டாய்ப்பு அணையைப் பாருங்கள். பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து கட்டியது, 14,000 மெகாவாட். அதைப் பிரேசில் பக்கத்திலிருந்தே காட்டுவார்கள்.

என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக அப்பாவின் பெயர், கணவரின் கடவுச்சீட்டில் அவருடைய அப்பாவின் பெயர். இருவருக்கும் பொதுப் பெயர் இல்லை. கணவன் மனைவி என்று நம்புவார்களா?
— வாசகி, யாழ்ப்பாணம்

நம்புவார்கள், திருமணச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பை வையுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்யுங்கள். கொன்சியூலர் அத்தாட்சியும் (வெளியுறவு அமைச்சு போடும் உறுதி முத்திரை) கேட்டால் அதற்காகப் பத்தரமுல்லை வரை பஸ் ஏற வேண்டியதில்லை, யாழ். மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் இருக்கிறது.

கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ, விண்ணப்பத்திலும் டிக்கெட்டிலும் எழுத்துக்கு எழுத்து அதுவே. வீட்டில் கூப்பிடுகிற வரிசை வேண்டாம், முதலெழுத்துச் சுருக்கம் வேண்டாம். பிரேசில் படிவம் அப்பாவின் பெயரோடு அம்மாவின் பெயரையும் கேட்கும். நம் ஊரில் அம்மாவின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் எழுதியதோடு விட்டுவிடுவோம். அங்கே ஆளை அடையாளம் காணத் தாயின் பெயரையும் பார்ப்பார்கள். பிரேசில்காரர் பலருக்குப் பெயரின் வாலில் தாய் வழிப் பெயர் ஒன்று, தகப்பன் வழிப் பெயர் ஒன்று. ஆகவே உங்கள் இருவரின் பெயரும் வேறு வேறாக இருப்பது அவர்களுக்கு அதிசயமில்லை.

மூன்று சின்னக் கேள்விகள்

*மகன் அபுதாபியில் வேலை. அவன் விசாவுக்குக் கொழும்புக்கு வர வேண்டுமா?* (தெமட்டகொடை) வேண்டாம். அங்கே வதிவிட விசா இருப்பதால் அங்குள்ள பிரேசில் தூதரகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

*எத்தனை நாள் நிற்கலாம்?* (மட்டக்குளி) வருகை விசாவில் 90 நாள் வரை. இன்னும் வேண்டுமென்றால் அது முடிய முன் அங்குள்ள மத்திய பொலிஸில் நீடிப்புக் கேட்கலாம், ஆனால் 12 மாதத்துக்குள் மொத்தம் 180 நாளைத் தாண்ட முடியாது. கூட நின்றால் நாளுக்கு 100 ரெயால் (பிரேசில் காசு) தண்டம், உச்சம் 10,000. சம்பளத்துக்கு வேலை செய்ய இந்த விசாவில் அனுமதி இல்லை.

*கொலம்பியா விசாவைக் கொழும்பில் எடுக்கலாமா?* (பெயர் போடவில்லை, வெட்கமாக இருந்திருக்கும்) பெயர்ப் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒன்லைனில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சிடம் விண்ணப்பிக்கிற விசா.

என் தம்பிக்கு 24 வயது. "பிரேசிலுக்குச் சுற்றுலா விசா எடுத்துத் தருகிறோம், அங்கிருந்து கனடா வரை எங்கள் பொறுப்பு" என்று ஒருவர் 70 லட்சம் கேட்கிறார். அம்மா காணியை ஈடு வைக்கப் போகிறா. சுற்றுலா விசாவில் அங்கே போவது சட்டப்படி சரிதானே அக்கா?
— வாசகி, வவுனியா

தங்கச்சி, உங்கள் கடிதத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். சுற்றுலா விசாவில் சுற்றுலா போவது சட்டப்படி சரி. அந்த ஆள் விற்பது சுற்றுலா இல்லை.

அவர் "அங்கிருந்து எங்கள் பொறுப்பு" என்று சொல்கிற இடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? பிரேசிலிலிருந்து பல எல்லைகளை ஒளித்துக் கடந்து கொலம்பியாவுக்குப் போய், அங்கிருந்து பனாமாவுக்கு டாரியன் காடு. இரண்டு அமெரிக்கக் கண்டங்களையும் இணைக்கிற நெடுஞ்சாலை அந்த ஓரிடத்தில் மட்டும் அறுந்து கிடக்கிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்குச் சாலையே இல்லை. சதுப்பு, ஆறு, மலை, துப்பாக்கிக் கும்பல். 2023ல் மட்டும் 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதைக் கடந்ததாகப் பனாமா அரசு கணக்கு வைத்தது. எத்தனை பேர் அங்கேயே கிடக்கிறார்கள் என்பதற்குச் சரியான கணக்கு யாரிடமும் இல்லை. அதற்குப் பிறகும் மெக்சிக்கோ இருக்கிறது, அமெரிக்க எல்லை இருக்கிறது. கனடா அதற்கும் அப்பால்.

பிரேசிலும் விழித்துக்கொண்டது. சாவோ பாலோவின் குவாருல்யோஸ் விமான நிலையத்தில் விமானம் மாற வந்ததாகச் சொல்லி, விசா இல்லாமல் அங்கேயே தஞ்சம் கேட்டு இறங்குகிற வழியை 2024 ஓகஸ்ட் 26 முதல் இறுக்கிவிட்டார்கள். போகிற இடத்துக்குப் போ, இல்லை வந்த இடத்துக்குத் திரும்பு.

28 வருடத்தில் இப்படி டிக்கெட் கேட்டு வந்தவர்களை எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். சுற்றுலாப் போகிறவன் ஹோட்டலில் காலைச் சாப்பாடு உண்டா என்று கேட்பான். இந்தப் பிள்ளைகள் எதுவுமே கேட்க மாட்டார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று எல்லாப் பதிலையும் சொல்வார். ஒரு பிள்ளையிடம் நான், "அங்கே என்ன பார்க்கப் போகிறீர்?" என்று கேட்டேன். அது அந்த ஆளின் முகத்தைப் பார்த்தது. டிக்கெட் எழுத மாட்டேன் என்று சொன்னேன். வேறு எங்கேயோ எழுதியிருப்பார்கள்.

காணியை ஈடு வைக்க விடாதீர்கள். அந்த ஆளின் போன் இலக்கம், அனுப்பிய செய்திகள், கொடுத்த ரசீது எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் ஆட்கடத்தலுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஏற்கனவே முற்பணம் கொடுத்திருந்தால் தம்பியைத் திட்டாதீர்கள், முதலில் கடவுச்சீட்டைத் திருப்பி வாங்குங்கள். திரும்ப எழுதுங்கள், அச்சில் போட மாட்டேன்.

ஆங்கிலம் அங்கே செல்லுபடியாகாதாமே. போர்த்துக்கீசம் ஒரு சொல்லும் தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?
— வாசகி, பம்பலப்பிட்டி

ஒரு சொல்லும் தெரியாது என்று யார் சொன்னது? நீங்கள் கதிரையில் இருந்து, மேசையில் வைத்து, கோப்பையில் தேத்தண்ணி குடிக்கிறவர்தானே? அலுமாரி, யன்னல், சப்பாத்து, குசினி எல்லாம் போர்த்துக்கேயர் இந்தக் கரையில் விட்டுவிட்டுப் போனவை. நாங்கள் திறப்பு என்கிறதை இந்தியாவில் சாவி என்கிறார்களே, அதுவும் அவர்களுடையதுதான். கஜு மட்டும் இன்னும் தூரத்துச் சொந்தம். மரமும் பெயரும் பிரேசிலின் பழங்குடிகளிடமிருந்து போர்த்துக்கேயர் எடுத்து வந்தவை. அங்கே கொட்டையை விடப் பழத்துக்குத்தான் மவுசு, சாறு பிழிந்து குடிக்கிறார்கள்.

ஹோட்டல்களுக்கு வெளியே ஆங்கிலம் குறைவுதான். போனில் மொழிபெயர்ப்புச் செயலியை இணையமில்லாமல் வேலை செய்கிற மாதிரி இறக்கிக்கொண்டு போங்கள். எங்கு போனாலும், சிம் வாங்கவும் பஸ் டிக்கெட் எடுக்கவும்கூட, சி.பி.எஃப். இலக்கம் கேட்பார்கள். அது அவர்களின் வரி இலக்கம். இல்லை என்று சொல்லிக் கடவுச்சீட்டைக் காட்டினால் பல இடத்தில் ஏற்பார்கள். சில இணையத் தளங்களில் மட்டும் அது இல்லாமல் நகர முடியாது, வெளிநாட்டவரும் எடுக்கலாம்.

ரியோவில் எங்கள் அறையில் ஒரு துவாய் குறைவு. தங்கச்சி ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள், கையால் முகத்தைத் துடைத்துக் காட்டினாள், பணிப்பெண் கண்ணீர் என்று நினைத்தாளோ என்னவோ, தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். நான் சும்மா, "துவாய்" என்றேன். அவள், "ஆ, துவாலியா!" என்று சிரித்துக்கொண்டு போய் இரண்டு எடுத்து வந்தாள். அடுத்த நாள் காலை கீழே இருந்த பேக்கரியில் தங்கச்சி எனக்கு முன்னால் போய் நின்று, விரலை நீட்டி, "பாண்" என்றாள். கொடுத்தார்கள்.